போனில் பேசுவது மனிதரா, மெஷினா? கண்டுபிடிக்கும் வேலை உங்களுடையது அல்ல

மதியம் மூணு மணி. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே போன் அதிர்கிறது. எடுத்தால், "வணக்கம் சார், ஒரு நிமிஷம் பேசலாமா?" என்று ஒரு பெண் குரல். பர்சனல் லோன் வேண்டுமாம். "வேணாம்மா" என்கிறீர்கள். "பரவாயில்ல சார், கிரெடிட் கார்டு ஏதாவது பாக்கறீங்களா?" என்கிறது குரல். இடையில் லேசாக மூச்சு இழுக்கிறது. பின்னணியில் கால் சென்டர் இரைச்சல்கூடக் கேட்கிறது. சந்தேகம் வந்து, "நீங்க மனுஷங்களா, மெஷினா?" என்று கேட்டால் அரை நொடி மௌனம். பிறகு அதே இனிமையோடு, "நல்ல கேள்வி சார். உங்க மாத வருமானம் எவ்வளவுன்னு சொல்ல முடியுமா?"

சிரித்துவிட்டு வைத்துவிடலாம். உங்களுக்குச் சந்தேகம் வந்தது, கேட்டீர்கள், கட் பண்ணினீர்கள். இதே கால் ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் போனால்? இதே தொழில்நுட்பம் உங்கள் குரலிலேயே, "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்பு" என்று அழுதால்?

செயற்கைக் குரலில் வரும் தானியங்கி அழைப்புகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதைக் கட்டுப்படுத்துவது என்பதில்தான் குழப்பம். குரலையா, அதைச் செய்தவரையா, அதைச் சுமந்து வந்த போன் கம்பெனியையா? இந்தக் கேள்வி முதன்முதலில் பெரிதாக வெடித்தது அமெரிக்காவில். அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. சட்டம் எங்கே பிடித்தது, எங்கே வழுக்கியது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது.

பைடன் பேசாத பைடன் போன்

2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலுக்கு இரண்டே நாள். ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரு போன் வந்தது. எடுத்தால் அதிபர் ஜோ பைடனின் குரல். அவர் அடிக்கடி பயன்படுத்தும் வார்த்தையோடுதான் பேச்சே ஆரம்பித்தது. சாராம்சம் இதுதான்: செவ்வாய்க்கிழமை போய் ஓட்டுப் போடாதீர்கள், உங்கள் ஓட்டை நவம்பருக்குச் சேமித்து வையுங்கள். பிரைமரியில் ஓட்டுப் போட்டால் நவம்பரில் போட முடியாது என்று அங்கே எந்தச் சட்டமும் இல்லை. பச்சைப் பொய். ஆனால் சொன்னது அதிபரின் குரல். போனில் தெரிந்த நம்பரோ, அந்த மாநிலத்தில் அதே கட்சியின் பிரமுகர் ஒருவரோடு தொடர்புடையது.

இதன் பின்னணியில் இருந்தவர் ஸ்டீவ் கிராமர் என்ற அரசியல் ஆலோசகர். குரலைத் தயாரித்துக் கொடுத்ததாகச் சொன்னவரோ நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஒரு மேஜிக் கலைஞர். 20 நிமிஷத்துக்குள் வேலை முடிந்தது, செலவு ஒரு டாலர், கூலி 150 டாலர் என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். ஒரு நாட்டின் அதிபருடைய குரலுக்கு ஆன செலவு அவ்வளவுதான்.

அதன்பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டிய விஷயம். மூன்று விதமாகச் சட்டம் போனது.

முதலாவது, குற்றவியல் வழக்கு. வாக்காளர்களைத் தடுத்தது, வேட்பாளரைப் போல நடித்தது என்று கிராமர் மீது 22 குற்றச்சாட்டுகள். தான் செய்தது ஏஐ ஆபத்தைப் பற்றிய எச்சரிக்கை என்றார் அவர். அந்தப் பிரைமரியைக் கட்சித் தலைமையே அப்போது அங்கீகரிக்கவில்லை, அது உண்மையான தேர்தலே இல்லை என்றும் வாதாடினார்கள். 2025 ஜூனில் நடுவர் குழு அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்துவிட்டது. ஒருவரின் நோக்கத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இது உதாரணம்.

இரண்டாவது, அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2024 செப்டம்பரில் அதே கிராமருக்கு 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. எதற்கு? பைடன் குரலைப் போலியாகச் செய்ததற்கு என்று நினைப்பீர்கள். இல்லை. காலர் ஐடியில் பொய் நம்பரைக் காட்டியதற்கு! குரலை வைத்து அல்ல, நம்பரை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள்.

மூன்றாவதாக, அழைப்புகளைத் தன் நெட்வொர்க் வழியாக அனுப்பிய லிங்கோ டெலிகாம் என்ற நிறுவனம். அமெரிக்காவில் ஒவ்வொரு அழைப்புக்கும், 'இந்த நம்பரைப் பயன்படுத்த இவருக்கு உரிமை உண்டு' என்று டெலிகாம் கம்பெனி டிஜிட்டல் முத்திரை குத்தி அனுப்பும் முறை இருக்கிறது. அந்த முத்திரையிலேயே உயர்ந்த தரத்தை இந்தப் போலி அழைப்புகளுக்கு லிங்கோ கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் யார், நம்பர் யாருடையது என்று சரியாக விசாரிக்கவில்லை. கடைசியில் 10 லட்சம் டாலர் கட்டவும், இனி வாடிக்கையாளர்களை ஒழுங்காகச் சரிபார்க்கவும் ஒப்புக்கொண்டது.

ஆக, பொய்க் குரல் என்ற ஒரே விஷயத்துக்காக இந்த விவகாரத்தில் யாரும் தண்டிக்கப்படவில்லை. பிடித்தது இரண்டு பழைய பிடிகள்தான். நம்பர் பொய் சொல்லக் கூடாது, சுமந்து வருபவன் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. இந்தியாவுக்கான பாடமும் இங்கேதான் இருக்கிறது.

1991-ல் எழுதிய இரண்டு வார்த்தை

இந்த விவகாரம் வெடித்த மூன்றே வாரத்தில், 2024 பிப்ரவரி 8 அன்று, எஃப்சிசி ஒரு தீர்ப்புரையை வெளியிட்டது. புதுச் சட்டம் எதுவும் இல்லை. 1991-லிருந்து இருக்கும் டெலிபோன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், 'செயற்கையான அல்லது முன்பதிவு செய்யப்பட்ட குரல்' கொண்டு ஒருவருக்குப் போன் செய்ய வேண்டுமானால் அவரது முன் அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. ஏஐ உருவாக்கும் குரலும் அந்தச் 'செயற்கையான குரல்'தான் என்று ஆணையம் ஒருமனதாகச் சொன்னது. அவ்வளவுதான்.

1991-ல் செயற்கைக் குரல் என்றால் தகர டப்பாவுக்குள் இருந்து யாரோ பேசுவது போல இருக்கும். மூச்சு வாங்குகிற, தயங்குகிற, எதிராளி சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்கிற குரலை அன்று சட்டம் எழுதியவர்கள் கற்பனைகூடச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் போட்ட வார்த்தை 33 வருஷம் கழித்து வேலைக்கு வந்தது. தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லாமல், அது செய்யும் வேலையைச் சொன்னதால் கிடைத்த லாபம்.

இந்தச் சட்டத்துக்கு உண்மையான பல் எது தெரியுமா? அனுமதியில்லாமல் வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் 500 டாலர், தெரிந்தே செய்திருந்தால் 1,500 டாலர் வரை கேட்டு, போனை எடுத்த சாதாரண மனிதரே கோர்ட்டுக்குப் போகலாம். பத்தாயிரம் பேருக்குப் போட்ட போன் என்றால் கணக்கு எங்கே போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் பயப்படுவது அரசு அபராதத்தைவிட இதற்குத்தான்.

ஆனால் அங்கும் எல்லாம் சுபம் இல்லை. 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்துக்கு எஃப்சிசி தரும் விளக்கம் கீழ் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, நீதிபதிகள் தாங்களே சட்டத்தைப் படித்து முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அதாவது 'ஏஐ குரலும் செயற்கைக் குரல்தான்' என்பது இனி ஒவ்வொரு கோர்ட்டிலும் மறுபடி வாதாடப்பட வேண்டிய விஷயமாக மாறலாம். அறிக்கை மூலம் அடைத்த ஓட்டை அறிக்கை அளவுக்குத்தான் உறுதியாக இருக்கும். சட்டத்திலேயே எழுதியிருந்தால் இந்தத் தலைவலி இல்லை.

காது ஏன் ஏமாறுகிறது?

"நல்லாக் கவனிச்சுக் கேட்டா தெரிஞ்சிடும்" என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூன்றே நொடி ஒலிப்பதிவு இருந்தால் ஒருவர் குரலைப் போலச் செய்யலாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2023 ஜனவரியில் ஒரு மாதிரியை அறிமுகப்படுத்திக் காட்டினார்கள். இன்ஸ்டாகிராமில் நீங்கள் போட்ட ஒரு ரீல் போதும்.

போன் இதற்கு இன்னும் வசதி செய்து தருகிறது. பழைய தொலைபேசி முறை மனிதக் குரலில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்தும். குரலின் நுணுக்கங்கள் வழியிலேயே உதிர்ந்துவிடும். இன்றைய 4ஜி அழைப்பில் தரம் கூடியிருக்கிறது என்றாலும், ரோட்டு இரைச்சல், சிக்னல் பிரச்சினை, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பது எல்லாம் சேர்ந்தால் பழைய கதைதான். ஹெட்போன் போட்டுக் கேட்டால் பிடிபடக்கூடிய சின்னப் பிசிறு, பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டால் பிடிபடாது. அதோடு பயம். பிள்ளைக்கு ஆபத்து என்று கேட்டதும் யார் குரலின் ஏற்ற இறக்கத்தை ஆராய்வார்கள்?

பெரிய இடமும் தப்பவில்லை. ஏர்டெல் குழுமத்தின் தலைவர் சுனில் மிட்டல் 2024-ல் ஒரு பொது மேடையிலேயே சொன்னார்: வெளிநாட்டில் இருக்கும் தன் நிறுவன அதிகாரி ஒருவருக்குத் தன் குரலிலேயே போன் போய், பெரிய தொகையை மாற்றச் சொல்லியிருக்கிறது. அந்த அதிகாரி உஷாராக இருந்ததால் பணம் தப்பியது. பிறகு பதிவைக் கேட்டபோது, அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருந்ததைக் கண்டு திகைத்துப் போனதாகச் சொன்னார். போன் கம்பெனி நடத்துகிறவரின் கதையே இது.

எனவே 'மக்கள் விழிப்புணர்வோடு இருக்க வேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்கிற எந்தக் கொள்கையும் பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுதான். கேட்பவரின் காது கடைசிக் கதவாக இருக்கலாம். ஒரே கதவாக இருக்கக் கூடாது.

சரி, இங்கே என்ன இருக்கிறது?

இந்தியாவில் விதி இல்லாமல் இல்லை. ட்ராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ல் கொண்டுவந்த வணிகத் தொடர்பு விதிமுறைகளிலேயே 'ரோபோ கால்' என்ற சொல்லுக்கு வரையறை உண்டு. கூப்பிடும் பக்கம் மனிதர் இல்லாமல், செயற்கையான அல்லது பதிவு செய்த குரலில் ஒரு தகவலைச் சொல்லும் அழைப்பு என்பது அதன் சாரம். விளம்பர அழைப்பு என்றால் 140-ல் தொடங்கும் நம்பர், வங்கி போன்றவற்றின் சேவை அழைப்பு என்றால் 1600 வரிசை. சாதாரண 10 இலக்க மொபைல் நம்பரிலிருந்து மார்க்கெட்டிங் செய்யவே கூடாது.

2025 பிப்ரவரியில் இந்த விதிகளை இன்னும் இறுக்கினார்கள். தொல்லை அழைப்பு பற்றி 3 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும் என்றிருந்தது 7 நாளானது. பதிவு செய்யாமல் மார்க்கெட்டிங் செய்பவர்கள் மீது டெலிகாம் நிறுவனம் 30 நாளில் நடவடிக்கை எடுத்தால் போதும் என்றிருந்தது 5 நாளாகக் குறைந்தது. ஒரே நம்பர் மீது 10 நாளில் 5 புகார் வந்தாலே நடவடிக்கை. முதல்முறை மாட்டினால் 15 நாளுக்கு அந்த நம்பரிலிருந்து கூப்பிட முடியாது, மறுபடி மாட்டினால் ஒரு வருஷத்துக்கு எல்லா இணைப்பும் துண்டிப்பு. தொல்லை அழைப்புகளின் எண்ணிக்கையைத் தவறாகக் காட்டும் டெலிகாம் நிறுவனத்துக்கு 2 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். வழக்கத்துக்கு மாறாக ஏகப்பட்ட அழைப்பு, ஒவ்வொன்றும் சில நொடி, உள்ளே வரும் அழைப்பு மிகக் குறைவு என்று நடந்துகொள்ளும் நம்பர்களைத் தானாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்றும் நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டது.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவை எல்லாமே பழைய ரோபோ காலை மனதில் வைத்து வடிவமைத்தவை. ஒரே பதிவை லட்சம் பேருக்குப் போட்டுக் காட்டும் மெஷினைப் பிடிக்க இந்த வலை போதும். ஏஐ குரல் அப்படி நடந்துகொள்வதில்லை. அது மூணு நிமிஷம், அஞ்சு நிமிஷம் உரையாடும். நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்லும். ஒரு தகவலைச் சொல்லிவிட்டு வைக்கிற பழைய மெஷின் அல்ல அது. நூறு நம்பர்களில் பிரித்துப் போட்டுவிட்டால் அழைப்பு நீளத்தை வைத்து மனிதரிடமிருந்து அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். மகன் குரலில் அம்மாவை ஏமாற்றும் கூட்டமோ ஒரே ஒரு போன்தான் போடும். 10 நாளில் 5 புகார் என்ற கணக்கு அங்கே எதற்கு ஆகும்?

இன்னொரு பிரச்சினை. 1600 வரிசை நம்பரைப் பார்த்தால், கூப்பிடுவது உண்மையிலேயே வங்கிதான் என்ற நம்பிக்கை வரும். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் நம்பர், கூப்பிடுவது யார் என்று சொல்லும். பேசுவது எது என்று சொல்லாது. வங்கியே ஏஐ குரலை வைத்துப் பேசினாலும், 'நான் மெஷின்' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இந்த நம்பர் ஏற்பாட்டில் இல்லை.

அமெரிக்கச் சட்டத்தில் இருக்கும் அந்தப் பல்லும் இங்கே இல்லை. நீங்கள் 1909-க்குப் புகார் செய்தால் அந்த நம்பர் முடக்கப்படலாம். உங்கள் நேரத்துக்கோ மன உளைச்சலுக்கோ இந்த விதிகளில் ஒரு பைசா இழப்பீடு கிடையாது. புகார் செய்யப் பலரும் ஏன் சோம்பல்படுகிறார்கள் என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மோசடிக்குச் சட்டம் இருக்கிறது. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-ஆம் பிரிவின்படி குற்றம். கம்ப்யூட்டர், போன் வழியாக அதைச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. எனவே 'ஏஐ குரல் மோசடிக்குத் தனிச் சட்டம் வேண்டும்' என்ற கோஷத்தில் பெரிய அர்த்தம் இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் பார்த்தது போல, குற்றம் நடந்த பிறகு நோக்கத்தை நிரூபிக்கும் சட்டத்தைவிட, அழைப்பு கிளம்பும்போதே நிறுத்தும் விதிதான் உதவும். அது முடியாத காரியமும் இல்லை. வெளிநாட்டிலிருந்து கிளம்பி இந்திய நம்பர் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்கும் அமைப்பு 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டபோது, முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு சொன்னது. கோடிக்கணக்கானவர்களிடம் 'ஜாக்கிரதையாக இருங்கள்' என்று சொல்லிப் பார்ப்பதைவிட, நெட்வொர்க்கில் வைத்த ஒரு வடிகட்டி அதிகம் செய்துவிட்டது.

தேர்தல் என்றால் விதிவிலக்கா?

இங்கேதான் பெரிய ஓட்டை. ட்ராய் விதிகள் பேசுவது 'வணிகத் தொடர்பு' பற்றி. பொருள், சேவை, முதலீடு இவற்றை விற்கும் அழைப்புகள். ஓட்டுக் கேட்பது வணிகம் இல்லையே. லோன் விற்க வரும் மெஷினுக்கு இருக்கும் கட்டுப்பாடு, ஓட்டுக் கேட்டு வரும் மெஷினுக்கு அந்த விதிகளில் இல்லை.

2024 மக்களவைத் தேர்தலுக்கு முந்தைய இரண்டு மாதங்களில் இந்தியாவில் ஏஐ குரல் நகலைப் பயன்படுத்தி 5 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள் போனதாக வயர்ட் இதழ் எழுதியது. வாக்காளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உள்ளூர்த் தலைவரின் குரலில், அவரவர் மொழியில் பேசும் அழைப்புகள். தலைவரே தனக்குப் போன் செய்ததாக நினைத்துப் பூரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அதில் குற்றம் என்ன, தலைவர் சம்மதித்துத்தானே செய்தார் என்று கேட்கலாம். குரல் கொடுத்தவர் சம்மதித்தார். கேட்டவரிடம் யார் சம்மதம் வாங்கினார்கள்?

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2024 ஜனவரியில் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் மறைந்த கருணாநிதி ஏஐ வீடியோவில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், அவரது குரலில் ஏஐ உருவாக்கிய உரையை அதிமுக வெளியிட்டது. இரண்டுமே ஏஐ என்று தெரிந்தே கேட்கப்பட்டவை, போன் அழைப்புகளும் அல்ல. ஆனால் அங்கிருந்து, 'நான் உங்கள்...' என்று தொடங்கி வீட்டு போனுக்கே வருவதற்கு எத்தனை தூரம்? இறந்தவரின் குரலுக்கு யார் சொந்தக்காரர்? கட்சியா, குடும்பமா? பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அனுமதியின்றி ஒருவரின் குரலை ஏஐ மூலம் நகலெடுக்கும் கருவிகள் அவரது ஆளுமை உரிமையை மீறுகின்றன என்று மும்பை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. அவர் உயிரோடு இருக்கிறார், பிரபலம், வக்கீல் வைக்க முடிந்தது. மற்றவர்கள்?

தேர்தல் ஆணையம் சும்மா இருக்கிறது என்று சொல்ல முடியாது. மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ், குரல் செய்திகளுக்கு முன்சான்று வாங்க வேண்டும் என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. ஏஐ கொண்டு உருவாக்கிய பிரசாரத்தில் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று 2025 ஜனவரியில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது. ஆனால் முன்சான்று என்பது எழுதி வைத்த உரைக்குப் பொருந்தும். கேள்விக்குக் கேள்வி புதிதாகப் பதில் சொல்லும் குரலுக்கு எந்த உரையைச் சான்றுக்குக் கொடுப்பார்கள்?

தடை செய்தால் போதுமா?

செயற்கைக் குரலையே போனில் தடை செய்துவிடலாம் என்பது எளிதான பதில். தவறான பதிலும்கூட. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜெனிஃபர் வெக்ஸ்டன் நரம்பு நோயால் பேச்சை இழந்து வந்தார். 2024 ஜூலையில், தன் பழைய பதிவுகளிலிருந்து உருவாக்கிய ஏஐ குரலில் அவையில் பேசினார். அப்படி ஒருவர் போனில் மருத்துவரிடம் பேசுவதைச் சட்டம் தடுக்கக் கூடாது. புயல் எச்சரிக்கையை மீனவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே சொல்லும் குரல், எழுத்துப் படிக்கத் தெரியாதவருக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் குரல் இவையெல்லாம் வேண்டும்தான். மெஷின் பேசுவது பிரச்சினை இல்லை. தான் மெஷின் என்பதை மறைத்துப் பேசுவதுதான் பிரச்சினை.

கலிஃபோர்னியா இதில் ஒரு வழி காட்டியிருக்கிறது. அங்கே தானியங்கி அழைப்பு என்றால், பதிவை ஓட்டுவதற்கு முன் ஒரு மனிதர் தன் இயல்பான குரலில் அறிமுகம் செய்து, கேட்க விருப்பமா என்று கேட்க வேண்டும் என்பது பழைய விதி. அடுத்து வருவது செயற்கைக் குரல் என்றால் அதையும் அந்த அறிமுகத்திலேயே சொல்ல வேண்டும் என்று 2024-ல் சேர்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டமும், நேரடியாக மனிதரோடு பேசும் ஏஐ தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்கிறது.

இங்கேயும் முதல் வாக்கியத்தில் அது வரட்டும். "வணக்கம், இது கணினிக் குரல், இன்ன நிறுவனத்திலிருந்து." எந்த மொழியில் பேசப் போகிறதோ அந்த மொழியில். 'மனிதரிடம் பேச வேண்டும்' என்று சொன்னால் உடனே மாற்றிவிடட்டும். லோன் விண்ணப்பத்தின் பதினேழாம் பக்கத்தில் போட்ட டிக் மார்க்கை, 'ஏஐ கூப்பிடச் சம்மதம்' என்று எடுத்துக்கொள்ளாமல் தனியாகக் கேட்கட்டும். உயிரோடு இருப்பவர், இறந்தவர், தலைவர், நடிகர் யாராக இருந்தாலும் நிஜ மனிதரின் குரலை நகலெடுத்து அழைப்பதாக இருந்தால், எழுத்துப்பூர்வ அனுமதியை டெலிகாம் நிறுவனத்திடம் முன்கூட்டியே கொடுத்த பிறகுதான் லைன் கிடைக்க வேண்டும். இவை எல்லாம் வணிகம், அரசியல் என்ற பாகுபாடு இல்லாமல் பொருந்த வேண்டும்.

"அப்படிச் சொன்னா யாரும் போனை எடுக்கவே மாட்டாங்க" என்று மார்க்கெட்டிங் ஆட்கள் சொல்வார்கள். உண்மைதான். மெஷின் என்று தெரிந்தால் மக்கள் பேச விரும்ப மாட்டார்கள் என்றால், தெரியாமல் பேச வைப்பதற்குப் பெயர் என்ன?

இதைவிடக் கனமான கேள்வி ஒன்று உண்டு. திருடன் எப்போது 'நான் திருடன்' என்று சொல்லிவிட்டு வந்தான்? மோசடிக் கும்பல் இந்த விதியை மதிக்கப் போவதில்லையே? மதிக்காது. ஆனால் நேர்மையான நிறுவனங்கள் எல்லாம் முதல் வாக்கியத்திலேயே சொல்லத் தொடங்கிவிட்டால், சொல்லாமல் வரும் மெஷின் குரல் அந்த ஒரே காரணத்துக்காக விதிமீறல் ஆகிவிடும். அது ஏமாற்றியதா, நோக்கம் என்ன என்றெல்லாம் நிரூபிக்கக் காத்திருக்காமல் லைனைத் துண்டிக்கலாம். துண்டிக்காத நிறுவனத்திடம் கேள்வி கேட்கலாம். லிங்கோ டெலிகாம் மாட்டியது இப்படித்தான்.

அந்த இடத்தில் இந்திய விதிகள் இன்னும் மென்மை. பல்லாயிரம் கோடி வருமானம் பார்க்கும் டெலிகாம் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் என்பது டீ செலவு. ஆயிரம் சிம்களை மொத்தமாக ஒருவருக்கு விற்றது யார், அவரைச் சரிபார்த்தது யார் என்ற கேள்விக்கு அழைப்புக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பொறுப்பு வைத்தால்தான் காட்சி மாறும். அதில் ஒரு பங்கு புகார் செய்தவருக்குப் போகட்டும். அப்போது பாருங்கள், 1909-க்கு எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் வரும் அழைப்பு இந்த டெலிகாம் விதிகளுக்குள் வராது. லைனை இறுக்கினால் கும்பல் அங்கே நகரும். அதற்காக இதை விட்டுவிட முடியாது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு வாட்ஸ்அப் இல்லை, சாதாரண அழைப்புதான் வருகிறது.

அதுவரை என்ன செய்வது?

வீட்டார் குரலில் அவசரமாகப் பணம் கேட்டு யார் கூப்பிட்டாலும், போனை வைத்துவிட்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பருக்கு நீங்களே திருப்பிக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்வதும் நல்லது. பழைய தெருப் பெயர், நாய்க்குட்டி பெயர், எதுவோ ஒன்று, சோஷியல் மீடியாவில் இல்லாததாக. இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால் அம்மா அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லிவிட்டு வாருங்கள். போனில் சொல்லாதீர்கள்!

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பணம் போகவில்லை, சந்தேகமான அழைப்பு மட்டும் வந்தது என்றால் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' பகுதியில் பதிவு செய்யலாம். லோன், கார்டு என்று வரும் தொல்லை என்றால் 1909 அல்லது ட்ராயின் டிஎன்டி செயலி. வந்த நம்பர், தேதி, நேரம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 7 நாள் வரை அவகாசம் இருக்கிறது.